மிஷனரி வீட்டுப் பிள்ளைக்கு எந்த மொழியில் பாடம்?

பெருங்கடவிளை, குன்னத்துக்கால், வெள்ளறடை, பாறசாலை என நீளும் எங்கள் எல்லைப்புற ஊர்களிலிருந்து மிஷனரிகளாக வெளியே சென்ற குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போதெல்லாம், கல்வித்துறையோடு தொடர்புடைய எவரைக் கண்டாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “பிள்ளையை வீட்டில் வைத்துத்தான் படிப்பிக்கிறோம், எந்தப் பாடத்திட்டம் நல்லது?” மொழியியல் படித்தவன் என்பதால் என்னிடமும் இக்கேள்வி வருகிறது. இதற்கு முன்பாகவே கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி இருக்கிறது என்பது என் கருத்து. அந்தப் பிள்ளை எந்த மொழியில் எழுத்தறிவு பெறப் போகிறது? இதைத் தீர்மானிக்காமல் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், பாடத்திட்டமே அதைத் தீர்மானித்துவிடும். பெரும்பாலும் அது தாய்மொழிக்கு எதிராகவே தீர்மானிக்கிறது.

வீட்டுவழிக் கல்வியை இக்குடும்பங்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. பணித்தளத்துக்கு அருகிலுள்ள பள்ளி அந்த மாநில மொழியில் நடக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் இடமாற்றம் வருகிறது. மாநிலம் மாறினால் பயிற்றுமொழியும் மாறுகிறது. மற்றொரு வழி உறைவிடப் பள்ளி. நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா என்னும் உறைவிடப் பள்ளியை நடத்திவருவதைப் பலர் அறிவர். அத்தகைய பள்ளிகள் பல குடும்பங்களுக்குப் பெருந்துணையாக இருக்கின்றன. ஆயினும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையை விட்டுப் பிரிய மனம் ஒப்பாத பெற்றோரும், வெளிநாட்டுப் பணித்தளங்களில் இருப்போரும் வீட்டையே பள்ளியாக்குகிறார்கள். நடைமுறையில் அந்தப் பள்ளியின் ஒரே ஆசிரியர் தாய்தான்.

இச்சிக்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி நம் மண்ணிலேயே நடந்தது. தென்திருவிதாங்கூரில் பணியாற்றிய இலண்டன் மிஷனரி சங்கத்தார் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளைத் திறந்தார்கள். அதே காலகட்டத்தில், கடல் கடந்து பணியாற்றிய மிஷனரிகளின் சொந்தப் பிள்ளைகளுக்காக இங்கிலாந்தின் வால்தம்ஸ்டோவில் 1838இல் பெண்களுக்கும் 1842இல் ஆண்களுக்கும் தனித்தனி உறைவிடப் பள்ளிகள் தோன்றின. ஓட்டப்பந்தய வீரராகப் புகழ்பெற்ற எரிக் லிட்டல், 1902இல் சீனாவின் தியன்சினில் அதே சங்கத்து மிஷனரிகளுக்குப் பிறந்தவர். அவரும் சிறுவயதிலேயே இங்கிலாந்தில் அந்த ஆண்கள் பள்ளியில் விடப்பட்டார். பெற்றோர் சீனாவுக்குத் திரும்பினார்கள். நம் பகுதியில் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் கொடைக்கானலில் தொடங்கப்பட்ட பள்ளியும் இத்தேவையிலிருந்து பிறந்ததே.

வீட்டிலேயே கற்பித்தவர்களும் இருந்தார்கள். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டுக்கு ஒன்பது வயதுவரை தாய் ஈவ்லின்தான் ஆசிரியர். 1923இல் அவரும் தங்கை கானியும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1929இல் தந்தை ஜெஸ்ஸி கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்தார்; பிரிந்தபின் மகன் அவரைப் பார்க்கவேயில்லை. 1946இல் அந்த மகன் அறுவை மருத்துவராக வேலூருக்குத் திரும்பி, தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவை முறைகளை வளர்த்தெடுத்தார். இந்த வாழ்க்கையை வெற்றிக்கதையாக மட்டும் சொல்வது நம் வழக்கம். அந்த ஆறு ஆண்டுப் பிரிவையும் சேர்த்துச் சொன்னால்தான், பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்க விரும்பும் இன்றைய தாயின் மனம் நமக்குப் புரியும்.

ஈவ்லினைப் போன்ற தாய்மாருக்கு அன்று கிடைத்த உதவி அஞ்சலில் வந்தது. இங்கிலாந்தில் சார்லட் மேசனின் முயற்சியால் 1887இல் தொடங்கிய பெற்றோர் கல்வி இயக்கம், வீட்டில் கற்பிப்போருக்குப் பாடத்திட்டமும் தேர்வுத்தாளும் அனுப்பியது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் கால்வர்ட் பள்ளி 1906 முதல் வீட்டுக்கல்விப் பாடங்களை அனுப்பத் தொடங்கியது. உலகெங்கும் இருந்த மிஷனரிக் குடும்பங்கள் அதைப் பயன்படுத்தின. இவற்றின் நோக்கம் தெளிவானது: இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ திரும்பும் பிள்ளை, அங்குள்ள வகுப்பில் தடுமாறாமல் உட்கார வேண்டும். ஊர் திரும்புவதற்கான கல்வி அது. அதன் மொழி அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழியாகவே இருந்ததால், மொழி பற்றிய கேள்வி அங்கு எழவே இல்லை.

நம் குடும்பங்களுக்கு அந்தக் கேள்வியே முதன்மையானது. தமிழர்கள் மிஷனரிகளாக வெளியே செல்லத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிறது. வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலியோரின் முயற்சியால் 1903இல் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட இந்திய மிஷனரி சங்கம், நிஜாம் அரசின் எல்லைக்குட்பட்ட தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. அவர்கள் தெலுங்கு கற்று, தெலுங்கில் பேசி, தெலுங்கில் கற்பித்தார்கள். கடவுச்சீட்டு தேவைப்படவில்லை என்றாலும் மொழியளவில் அது வேற்றுநாடுதான். இன்று சார்க்கண்டுக்கோ ஒடிசாவுக்கோ நேபாளத்துக்கோ செல்லும் குடும்பத்தின் பிள்ளை குறைந்தது மூன்று மொழிகளுக்கிடையே வளர்கிறது: வீட்டில் பெற்றோர் பேசும் தமிழ் அல்லது மலையாளம், வெளியில் அந்த ஊர் மொழி, புத்தகத்தில் ஆங்கிலம். வீட்டுவழிக் கல்விக்கெனச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் கிறித்தவப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. பிள்ளை தானே வாசித்து, கோடிட்ட இடத்தை நிரப்பி, அடுத்த ஏட்டுக்குப் போகும் அமைப்பு பல வேலைகளுக்கு நடுவே கற்பிக்கும் தாய்க்கு வசதியானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதில் வரும் நாணயம், பருவகாலம், வரலாறு, கதைமாந்தர் எல்லாம் வேறொரு நாட்டவை. பிள்ளையின் மூன்று மொழிகளில் இரண்டுக்கு அதில் இடமே இல்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மிஷனரிகளின் மொழிப்பணியை மொழியியலாளர்கள் நன்கு அறிவோம். எழுத்தில்லாத மொழிக்கு எழுத்து வகுப்பது, இலக்கணம் எழுதுவது, தொடக்கநிலை வாசிப்பு நூல் அச்சிடுவது, தாய்மொழியில் எழுத்தறிவு வகுப்பு நடத்துவது ஆகியவை அவர்களின் பணியில் முக்கியமானவை. ஒரு மக்களின் உள்ளத்தைத் தொடுவது அவர்களுடைய தாய்மொழியே என்ற நம்பிக்கையின்மேல்தான் வேதாகம மொழிபெயர்ப்பு முழுவதும் நிற்கிறது. யுனெஸ்கோ 1953இல் வெளியிட்ட தாய்மொழிவழிக் கல்வி பற்றிய அறிக்கையும் அடிப்படையில் இதையே சொன்னது. ஒரு பழங்குடிப் பிள்ளைக்கு அதன் தாய்மொழியில் வாசிப்பு நூல் தயாரிக்கும் பெற்றோர், தம் பிள்ளைக்குத் தாய்மொழியில் ஒரு வாசிப்பு நூலும் இல்லாமல் கல்வியைத் தொடங்கினால், தாங்கள் நம்பும் கொள்கையிலிருந்து தம் வீட்டை மட்டும் விலக்கிவைக்கிறார்கள். நான் அவர்களைக் குற்றம் சாட்டவில்லை. அவர்களை அனுப்பிய சபைகளும், கல்வித்துறையில் இருக்கும் நாமும் இதைப் பற்றி அவர்களோடு பேசவேயில்லை என்பதுதான் என் வருத்தம்.

தாய்மொழியில் எழுத்தறிவு பெறுவது ஆங்கிலத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும் என்ற அச்சம் பெற்றோரிடம் உண்டு. ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருதுகோள் இங்கே உதவும். ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறனும் கருத்தறிவும், மற்ற மொழியோடு போதிய பழக்கமும் கற்கும் ஆர்வமும் இருந்தால் அதற்கும் கடந்து செல்லும் என்பது அதன் சாரம். வாசித்தல் என்றால் என்ன என்பதைப் பிள்ளை ஒருமுறைதான் கற்கிறது. அதை நன்கு அறிந்த மொழியில் கற்றால் சுமை குறைவு. ஜோஷுவா ஃபிஷ்மன் தம் 1991ஆம் ஆண்டு நூலில், ஒரு மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்வது வீட்டிலும் அண்டை அயலிலும்தான் என்றும், பள்ளியால் மட்டும் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது என்றும் வாதிட்டார். மிஷனரிக் குடும்பத்துக்கு அண்டை அயலில் தமிழ் இல்லை. வீடு மட்டுமே இருக்கிறது. அந்த வீட்டிலும் பாடநேரம் முழுவதும் ஆங்கிலம் என்றால், தமிழுக்கு எஞ்சுவது சாப்பாட்டு வேளைப் பேச்சும் கண்டிப்பும்தான்.

எங்கள் எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இதில் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. விளவங்கோட்டில் பெண் எடுத்து நெய்யாற்றின்கரையில் வாழும் குடும்பத்தில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் உட்காரும். அம்மாச்சி தமிழில் ஜெபிப்பார். பேரன் மலையாளத்தில் பள்ளிக்கூடம் போவான். ‘எங்கள் பிள்ளைக்குத் தாய்மொழி எது?’ என்ற தயக்கமே பல பெற்றோரை ஆங்கிலத்திடம் ஒப்படைக்கிறது. வீட்டில் பேசுவதை உள்ளபடியே, கலப்போடு, நாணமின்றிப் பேசுங்கள். எழுத்துக்கு மட்டும் ஒன்றை முதலில் தேர்ந்தெடுங்கள் என்பதே நான் சொல்லக்கூடிய விடை. ஊரிலிருந்து தாத்தாவும் அம்மாச்சியும் எந்த எழுத்தில் கடிதம் எழுதுவார்களோ அந்த எழுத்து முதலில் வரட்டும். மற்றது ஓரிரு ஆண்டுகளில் பின்தொடரலாம்.

இதற்கான நூல்கள் இல்லை என்று எண்ணுவது பிழை. அதே 1956இல் ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்வி வசதி செய்துதர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. கேரளத்தில் தமிழ் மொழிச் சிறுபான்மையினர்க்காக மாநில எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழ்வழிப் பாடநூல்களை வெளியிடுகிறது. தேவிகுளத்துத் தோட்டப் பிள்ளைக்கும் பாறசாலைப் பகுதிப் பிள்ளைக்கும் பொதுவான அந்நூல்களில் கேரளத்தின் நிலமும் வரலாறும் தமிழில் உள்ளன. எங்கள் ஊரிலிருந்து சென்ற குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான நூலைக் காண்பது அரிது. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் இயங்கும் நிறுவனம், அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்னும் மூன்று நிலைகளில் சான்றிதழ்க் கல்வி தருகிறது. தமிழ்ச்சூழலுக்கு வெளியே வளரும் பிள்ளைகளை மனத்திற்கொண்டு அமைந்தது அது. மலையாளத்தைத் தேர்ந்தெடுப்போருக்குக் கேரள அரசின் மலையாளம் மிஷன் கணிக்கொன்னை, சூர்யகாந்தி, ஆம்பல், நீலக்குறிஞ்சி என்னும் நான்கு படிநிலைகளை வகுத்திருக்கிறது.

கணிதம், அறிவியல் முதலியவற்றுக்கு இந்தியாவுக்குள்ளேயே வழி உண்டு. 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித்திட்டத்தில் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகள் உள்ளன. அதன்பின் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். அதில் தமிழையும் மலையாளத்தையும் பாடமாகத் தேர்ந்தெடுக்க முடியும். சட்டம் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது; வீட்டுவழிக் கல்வியைத் தனியே குறிப்பிடவுமில்லை, பெற்றோருக்குத் தண்டனை விதிக்கவுமில்லை. இந்தத் தெளிவின்மைக்கு நடுவில், அரசு ஏற்கும் ஒரு சான்றிதழை நோக்கிச் செல்வது பிள்ளையின் மேற்படிப்புக்குப் பாதுகாப்பானது.

மூன்றாவது மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணித்தளத்தின் மொழியைப் பிள்ளை தெருவில் கற்கிறது. வீட்டுப் பாடத்தில் அதற்கு மதிப்பெண் இல்லை. சார்க்கண்டின் இராஜமகால் குன்றுகளை எடுத்துக்கொள்வோம். நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவின் ஊழியர்கள் பல்லாண்டுகளாகப் பணியாற்றும் இடம் அது. அங்கு வாழும் மக்கள் பேசும் மால்தோ ஒரு வடதிராவிட மொழி. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இராஜமகால் மொழி திராவிடக் குடும்பத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. மால்தோவில் ‘ஏன்’ என்றால் ‘நான்’. நம் பழந்தமிழ் ‘யான்’ என்பதன் உறவு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல ‘நாம்’, கேட்பவரை விலக்கிச் சொல்ல ‘ஏம்’. தமிழில் நாம், நாங்கள். மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இவ்வேறுபாட்டுக்குத் தனிச்சொற்கள் இல்லை. ஒரு தமிழ்ப்பிள்ளை தன் மால்தோ நண்பனின் பேச்சில் தன் வீட்டு இலக்கணத்தைக் கண்டுகொள்ளும் இப்பாடத்தை, கடல் கடந்து வரும் எந்த ஏடும் தராது. ஒடிசாவின் குயி, நடு இந்தியாவின் கோண்டி ஆகியவையும் திராவிட மொழிகளே. அங்குள்ள குடும்பங்களும் இதே ஒப்பீட்டைச் செய்யலாம். பணித்தளத்து மொழியில் கதை கேட்டு எழுதுவதும், சொற்பட்டியல் தொகுப்பதும் பாடமாகட்டும்.

இவ்வாறு இருமொழிச் சூழலில் வளர்ந்த மிஷனரிப் பிள்ளை என்ன ஆகக்கூடும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. நாகர்கோவில் மிஷனரிகள் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் ஆகியோரின் மகள் எலைசா, 1822இல் நாகர்கோவிலில் பிறந்தவர். தமிழ்ப் பேச்சில் தேர்ந்த அவர் 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடியில் பெண்கல்விப் பணியை முன்னெடுத்தார். திராவிட மொழியியலின் வரலாற்றை எழுதும்போது கால்டுவெல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அவர் வீட்டில் நாள்தோறும் கேட்ட தமிழைப் பற்றி எழுதுவது குறைவு. பணித்தளத்தின் மொழி அந்தப் பிள்ளைக்குச் சுமையாக இருக்கவில்லை. அதுவே பின்னாளில் அவருடைய தகுதியாயிற்று.

இத்தனையும் ஒரு தாயின் தோளில் ஏற்றினால் அறிவுரை கொடுமையாகிவிடும். விறகு, தண்ணீர், விருந்தினர், ஊழியம் எல்லாவற்றுக்கும் நடுவில் கற்பிக்கும் பெண்ணிடம், ‘தாய்மொழியையும் விட்டுவிடாதே’ என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. அவளுக்குக் குறைவாக இருப்பது பாடநூலைவிட உடன்பேச ஓர் ஆள். தான் சொல்லிக்கொடுப்பது சரிதானா, பிள்ளை வயதுக்கேற்ப முன்னேறுகிறதா என்று கேட்க அருகில் எவரும் இல்லை. அனுப்பிய சபைகள் பணமும் ஜெபமும் தருகின்றன, கல்வித்துணையையும் தரலாம். எங்கள் ஊர்ச் சபைகளில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும் மலையாள ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஓர் ஆசிரியர் ஒரு குடும்பத்தை ஏற்றுக்கொண்டு, வாரம் ஒருமுறை பிள்ளையின் எழுத்தைப் படமாகப் பெற்றுத் திருத்தி அனுப்பலாம். பாட்டிமார் கைபேசியில் ஒரு கதையைப் பதிவு செய்து அனுப்பலாம். பாதிரியாருக்குப் பயண அறிக்கை கேட்கும் சபை, ‘பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வேண்டும்?’ என்றும் கேட்கலாம். தாய்க்கு நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் தாய்மொழிக்கு ஒதுக்க முடிந்தால் போதும். அந்த நாற்பது நிமிடமும் அவள் தனியாக இல்லை என்று தெரிய வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம் ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்னும் கருத்தை உருவாக்கியது, 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கரை ஆராய்ந்தபோதுதான். இந்தியாவுக்கு வந்தவர்களின் பிள்ளைகளைப் பற்றி ஒரு துறையே வளர்ந்துவிட்டது. இந்தியாவுக்குள்ளேயே மொழி எல்லைகளைக் கடந்து செல்லும் மிஷனரி, இராணுவ, தொடர்வண்டித்துறைக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே அக்கறைக்கு உரியவர்கள். அவர்களின் வீட்டுமொழி எந்த வயதில் தேய்கிறது, எந்தச் சூழலில் நிலைக்கிறது என்பதை முறையாகத் தொகுத்தால் பெற்றோருக்கும் பயன்படும், மொழியியலுக்கும் பயன்படும். தமிழையோ மலையாளத்தையோ இரண்டாம் சூழலில் கற்கும் பிள்ளைக்கு, வீட்டில் தாயே நடத்தக்கூடிய தரப்படுத்திய வாசிப்பு வரிசை ஒன்றை வகுப்பது நம் துறைகள் ஓராண்டில் செய்யக்கூடிய வேலை.

ஆகவே ‘எந்தப் பாடத்திட்டம்?’ என்று கேட்கும் பெற்றோருக்கு என் விடை இவ்வாறு அமையும். முதலில், வீட்டில் யார் எந்த மொழியில் பிள்ளையோடு பேசுவது என்று தீர்மானியுங்கள். எழுத்தறிவை வீட்டுமொழியில் தொடங்குங்கள். பணித்தளத்து மொழியை விளையாட்டு மொழியாக மட்டும் விடாமல் பாடமாக்குங்கள். கணிதத்தையும் அறிவியலையும், அரசு ஏற்கும் தேர்வை நோக்கி, உங்களுக்கு இயன்ற மொழியில் நடத்துங்கள். ஆங்கிலம் அவசியம், அது தன் இடத்தைத் தானே பெற்றுக்கொள்ளும், அதற்கு ஆதரவளிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அம்மாச்சியின் கடிதத்தை வாசிக்கும் திறனுக்கு ஆதரவளிக்க உங்கள் வீட்டையும் உங்களை அனுப்பிய ஊரையும் தவிர வேறு எவரும் இல்லை.